நடையும் கைவிரல் வீக்கமும்

விடியற்காலையில் மெரினாக் கடற்கரையில் அண்ணா சதுக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரையில் கைவீசி நடப்பவர்களும், பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையை வலம் வருபவர்களும், தைப்பூசத்தை ஒட்டிக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை புறப்படுபவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்த அனுபவம் உடையவர்கள். நடை தொடங்கி அரைமணியோ முக்கால்மணியோ சென்றதும், கால்கள் களைப்பை உணர்வதற்கு முன்னரே, இரு கைகளும் கனத்துத் தொங்குவதாகத் தோன்றுகிறது. விரல்கள் தடித்துச் சிவக்கின்றன. கையை மடக்கினால் முஷ்டி முழுதும் கூடுவதில்லை. வீட்டிலிருந்து புறப்படும்போது தாராளமாகச் சுழன்ற மோதிரம் இப்போது விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "கையெல்லாம் நீர் கோத்துக்கிச்சு" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், "எனக்கும் அப்படித்தாங்க" என்று கூட வருபவர்களில் இரண்டொருவராவது தம் விரல்களை நீட்டிக் காட்டுவார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகமாகக் காணப்படுகிறது.

இப்படி வீங்கிய கையைக் கண்டவுடன் பலருக்கு உண்டாவது பயம். சிறுநீரகம் கெட்டுவிட்டதோ, இருதயம் தளர்ந்துவிட்டதோ என்று அஞ்சி, ஐம்பது வயதுக்குமேல் பெருமுயற்சியோடு கைக்கொண்ட நடைப் பழக்கத்தையே கைவிட்டுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலர் ஆகாரத்தில் உப்பை அடியோடு நீக்கிவிடுகிறார்கள். வேறு சிலரோ, உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று தாமே தீர்மானித்து, தாகம் இல்லாதபோதும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார்கள். இது நெடுந்தூர நடையில் உயிருக்கே அபாயமாக முடியக்கூடிய காரியம். ஆகவே, இரு கைகளிலும் ஒருசேரத் தோன்றி, நடையை நிறுத்திய பின் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும் வீக்கம் ஒரு நோயன்று என்பதையும், அதைக் குறைப்பதற்குரிய உபாயங்களையும், இந்த இலக்கணத்துக்குள் அடங்காத வீக்கத்தைப் பிரித்தறியும் முறையையும் இந்த அதிகாரத்தில் சற்று விரிவாகவே சொல்லக் கருதுகிறேன்.

முதலில் காரணம். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைத்து அனுப்புகிறது. கடுமையாக உழைக்கும்போது அதுவே 20 லிட்டர் வரையிலும், பயிற்சி மிக்கவர்களிடம் அதற்கு மேலும் உயர்கிறது. அவ்வாறு மிகுதியாக வரும் ரத்தத்தில் பெரும் பங்கை உழைக்கின்ற தசைகள் வாங்கிக்கொள்கின்றன. நடையில் உழைப்பவை தொடையும் கெண்டைக்காலுமேயன்றிக் கைகள் அல்ல. ஆதலால் நடை தொடங்கிய சிறிது நேரத்துக்குக் கைகளுக்குச் செல்லும் ரத்தம் குறைந்து, விரல்கள் சற்றுக் குளிர்ந்துபோவதும் உண்டு. அந்தக் குறைவை ஈடுசெய்வதுபோல் கையின் சிறு குழாய்கள் பின்னர் விரிந்துகொடுக்கின்றன. இதற்குள் தேகத்திலும் உஷ்ணம் ஏறிவிடுகிறது. உழைக்கும் தசைகளில் பிறந்த உஷ்ணத்தை வெளியேற்றுவதற்குத் தோலைத் தவிர வேறு பெரிய வாயில் இல்லையாகையால், தோலுக்கு வரும் ரத்தம் பன்மடங்காகப் பெருகுகிறது. மிகக் கடும் வெப்பத்தில் அது நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரையில்கூட உயரும். தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் நுண்குழாய்கள் உள்ளங்கையிலும் விரல்நுனியிலும் உள்ளங்காலிலும் மிகுதியாக அமைந்திருப்பதால், உஷ்ணத்தைக் கழிக்கும் இந்த வேலையில் கைகளுக்கு விசேஷமான பங்கு உண்டு. சித்திரை வைகாசி வெயிலில் விரல்கள் அதிகமாக வீங்குவதும், மார்கழிப் பனியில் அவ்வளவாக வீங்காதிருப்பதும் இதனாலேயே.

வந்த ரத்தம் அதே வேகத்தில் திரும்பிச் சென்றுவிடுமானால் வீக்கத்துக்கு இடமில்லை. தொங்குகின்ற கையிலிருந்து இருதயத்துக்குத் திரும்புவதென்றால் ரத்தம் மேல்நோக்கி ஏறியாக வேண்டும். இதை ஒவ்வொருவரும் தம் கையிலேயே பரீட்சித்துக் காணலாம்: கையை ஒரு நிமிஷம் தொங்கவிட்டால் புறங்கையின் பச்சைச் சிரைகள் புடைத்து எழும், அதே கையைத் தலைக்குமேல் தூக்கினால் சில விநாடிகளில் அவை வற்றித் தட்டையாகிவிடும். சிரைகளுக்குள் ரத்தம் பின்னோக்கி வழியாதபடி தடுக்கும் சிறு அடைப்பிதழ்கள் இருக்கின்றன. வில்லியம் ஹார்வி 1628-ல் வெளியிட்ட ரத்த ஓட்டத்தைப் பற்றிய நூலில், கட்டுப்போட்ட ஒரு முன்கையின் படங்களைக் கொண்டே இவற்றின் தொழிலை விளக்கினார். ஆனால் இந்த இதழ்கள் பின்னே வருவதைத் தடுக்குமேயன்றி முன்னே தள்ளமாட்டா. தள்ளுவதற்குத் தசையின் உதவி வேண்டும்.

இங்கேதான் காலுக்கும் கைக்கும் உள்ள வித்தியாசம் புலப்படுகிறது. அசையாமல் நிற்கும் ஒருவரின் பாதத்துச் சிரைகளில் ரத்தத்தின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 90 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். தொங்கும் கையின் சிரைகளிலோ அது 35 மில்லிமீட்டர்தான். அப்படியானால் கால்களே அதிகம் வீங்க வேண்டும் என்று தோன்றும். எனினும், அவர் நடக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு அடியிலும் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, கொல்லன் துருத்தியைப்போல் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால், பாதத்தின் அழுத்தம் 20-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. விரல்களைத் தளர விட்டுக் கையை வெறுமனே ஆட்டி நடப்பவருடைய முன்கைத் தசைகளுக்கு அத்தகைய வேலை ஏதும் இல்லை. ஆக, விரிந்த குழாய்களின் வழியே தாராளமாக வந்த ரத்தம், திரும்பும் வழியில் தயங்கித் தங்குகிறது. தங்கிய இடத்தில் அழுத்தம் மிகுந்து, நுண்குழாய்களின் சுவரினூடே நீர் கசிந்து சுற்றியுள்ள சதையில் சேருகிறது. நுண்குழாயின் உள்ளும் புறமும் நீர் இவ்வாறு போக்குவரத்துச் செய்வதை நிர்ணயிக்கும் சக்திகளை எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1896-ல் விளக்கிக் காட்டினார். கசிந்த நீரை மெல்ல மெல்லத் திரட்டிக்கொண்டு போகும் நிணநீர்க் குழாய்களுக்கும் தசையின் அசைவே உந்துகோலாகையால், அசைவற்ற கையில் அவையும் மந்தமாகவே வேலை செய்கின்றன.

காரணம் இவ்விதம் தெளிவானபின், நிவாரணத்தை ஒவ்வொருவரும் தாமே ஊகித்துவிடலாம். நடக்கும்போது கைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டும். முழங்கையைச் செங்கோணமாக மடித்து, கை மார்பளவுக்கு வந்து போகும்படி வீசி நடப்பது முதற்படி. நீட்டித் தொங்கவிட்ட கையைவிட மடித்த கை இருதயத்துக்கு அணித்தாக இருப்பதோடு, தோளும் புயமும் உழைப்பதால் ரத்தமும் நகர்கிறது. ஐந்து அல்லது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, விரல்களை அகல விரித்து, பின்னர் இறுக மூடி, இப்படி இருபது தடவை செய்வது அடுத்தது. இதனால் முன்கைத் தசைகள், கெண்டைக்காலைப்போலவே, தம்முடைய சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை அனுப்புகின்றன. முன்னோக்கிச் சில சுற்றும் பின்னோக்கிச் சில சுற்றுமாகக் கையைத் தோளிலிருந்து வட்டமாகச் சுழற்றுவதும் நல்லதே. சாலையில் நாலுபேர் பார்க்கக் கையைத் தூக்கி ஆட்டக் கூச்சப்படுபவர்கள், சிறிய ரப்பர்ப் பந்து ஒன்றையோ மடித்த கைக்குட்டையையோ பிடித்துக்கொண்டு அவ்வப்போது அமுக்கி விட்டால் போதும். ஊன்றுகோல் பிடித்து நடப்பவர்களுக்கு அந்தக் கோலைப் பற்றுவதும் விடுவதுமே பயிற்சியாகிவிடுகிறது.

திருவண்ணாமலையில் கிரிவலம் வருபவர்களுக்கு இன்னும் எளிதான வழி இருக்கிறது. 14 கிலோமீட்டர் சுற்றில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரையில் எட்டு சந்நிதிகள் இருக்கின்றன. போகிற போக்கில் கன்னத்தில் போட்டுக்கொண்டு விரையாமல், ஒவ்வொன்றிலும் நின்று, இரு கைகளையும் சிரத்துக்கு மேலே உயர்த்திக் குவித்து ஒரு நிமிஷம் நிதானமாக வணங்கினால், வழிபாடும் நிறைவாக நடக்கும். விரல்களில் தேங்கிய நீரும் இறங்கும். பழனி யாத்திரையில் தோளில் காவடி சுமப்பவர், அதைத் தாங்குவதற்காகக் கையை மடித்து உயர்த்தியே வைத்திருப்பதால், தொங்கும் கைக்குரிய சங்கடம் அவருக்குக் குறைவு. வெறுங்கையாக வருகிறவர்தான் விரல்களைப் பற்றிக் கவனமாக இருக்க வேண்டும். முதுகில் பை மாட்டிச் செல்பவர்கள் அதன் பட்டை அக்குளை அறுக்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். அக்குளின் முன்புறத்தை அழுத்தும் பட்டை, கையிலிருந்து திரும்பும் சிரையையே நெரித்துவிடும். பட்டையைத் தளர்த்தி, பாரத்தை இடுப்புக்கச்சையில் இறக்கிக்கொள்வதும், மணிக்கொருமுறை பையைக் கழற்றி வைத்துத் தோளை உதறிக்கொள்வதும் உத்தமம்.

இனி, அணிகலன்களைப் பற்றி. இந்தப் பகுதியை அலட்சியம் செய்யாமல் படிக்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன். ஏனெனில், தானே வடிந்துவிடக்கூடிய வீக்கத்தை ஓர் ஆபத்தாக மாற்றுவது பெரும்பாலும் மோதிரமே. வளையம் ஒன்று விரலைச் சுற்றி இறுகிவிட்டால், ரத்தம் உள்ளே வருவது தடைப்படுவதற்கு முன்பாகவே அது திரும்பிச் செல்வது தடைப்படுகிறது. அதனால் வீக்கம் மிகுகிறது. வீக்கம் மிகுந்ததால் வளையம் பின்னும் இறுகுகிறது. ஆகையால் நீண்ட நடைக்குப் புறப்படுமுன் மோதிரங்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். கல்யாண மோதிரத்தைக் கழற்ற மனம் வராதவர்களும், ஜோசியர் சொற்படி ராசிக்கல் மோதிரமோ குதிரைலாட மோதிரமோ அணிந்து அதை ஒரு நாழிகைகூடப் பிரியலாகாது என்று கருதுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் குலைப்பது என் நோக்கமன்று. அந்த மோதிரத்தைக் கழுத்துச் சங்கிலியிலோ ஒரு கயிற்றிலோ கோத்து மார்பில் அணிந்துகொள்ளலாம். அது அவர்களை விட்டுப் பிரியவும் இல்லை, விரலும் தப்பும். இறுக்கமான கண்ணாடி வளையலும், கைக்கடிகாரப் பட்டையும், கோயில்களில் மணிக்கட்டில் கட்டிவிடும் கறுப்புக் கயிறும் சிவப்புக் கயிறும் இவ்வாறே கவனிக்கத்தக்கவை. கயிற்றுக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் சுலபமாக நுழையும் அளவுக்கு இடம் இருக்கவேண்டும். கயிறு நனைந்தால் சுருங்கி முடிச்சு இறுகிவிடுவதால், வியர்வை பெருகும் நடையில் இதை இடையிடையே சோதிப்பதும் அவசியம்.

முன்ஜாக்கிரதையாக இல்லாமல் மோதிரம் மாட்டிக்கொண்டுவிட்டால், முதலில் அதைப் பிடித்து முறுக்கி இழுப்பதை நிறுத்துங்கள். இழுக்க இழுக்க விரலின் நடுமூட்டு இன்னும் தடித்துக்கொள்ளும். ஓரிடத்தில் உட்கார்ந்து, கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பத்து நிமிஷம் வைத்திருங்கள். குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் விரலை அமிழ்த்துவதும் உதவும். பிறகு தேங்காய் எண்ணெயையோ சோப்பு நுரையையோ மோதிரத்தின் அடியிலும் விரல் முழுவதிலும் தடவி, நேராக இழுக்காமல், இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே மெல்ல நகர்த்துங்கள். இதற்கும் அசையாவிட்டால் நூல் முறை ஒன்று இருக்கிறது. இரண்டு முழம் நீளமுள்ள உறுதியான தையல் நூலின் ஒரு முனையை, ஹேர்பின்னின் வளைந்த பக்கத்தைக் கொண்டு, மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கமாக வெளியே எடுத்துவிட வேண்டும். எஞ்சிய நூலை மோதிரத்தை ஒட்டினாற்போல் தொடங்கி, நகத்தை நோக்கி, ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடைவெளி இல்லாமல், நடுமூட்டைத் தாண்டும் வரையில் விரலில் சுற்றவேண்டும். இது தேங்கிய நீரைப் பிழிந்து விரலைச் சிறுக்கச் செய்கிறது. பின்னர், உள்ளங்கைப் பக்கம் விட்ட முனையைப் பிடித்து, விரல்நுனியை நோக்கி வட்டமாக இழுத்துச் சுற்றைப் பிரித்துக்கொண்டே வந்தால், அவிழ்கின்ற ஒவ்வொரு சுற்றும் மோதிரத்தை ஒரு நூலளவு முன்னே தள்ளும். கொஞ்சம் வலிக்கும், பொறுமையாகச் செய்தால் மோதிரம் மூட்டைக் கடந்துவிடும்.

விரல் நீலம் பாரித்திருந்தாலோ, வெளுத்துச் சில்லிட்டு மரத்திருந்தாலோ, அடிபட்டு எலும்பு முறிந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலோ இந்த வித்தைகளில் நேரம் கடத்தலாகாது. நேரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கே மோதிரத்தை அறுப்பதற்கென்றே சிறிய சக்கர ரம்பம் வைத்திருப்பார்கள். தங்கமும் வெள்ளியும் நொடியில் அறுபடும். எஃகு மோதிரமாயின் சற்றுப் பிரயாசை உண்டு. அறுத்த தங்க மோதிரத்தைத் தட்டாரிடம் கொடுத்தால் பற்றவைத்து முன்போலவே ஆக்கிக்கொடுத்துவிடுவார் என்பதால், முப்பாட்டி காலத்து மோதிரமாயிற்றே என்று தயங்குவதற்கு நியாயமே இல்லை.

அடுத்து, தண்ணீர். அரைமணி, ஒரு மணி நேரம் நடப்பவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை; தாகத்துக்குக் குடித்தால் போதும். நாள் முழுதும் நடக்கின்ற பாதயாத்திரைக்காரர்களுக்கும், மாரத்தான் போன்ற நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொள்பவர்களுக்கும் மாத்திரம் இரண்டு பக்கத்திலும் அபாயம் உண்டு. குறைவாகக் குடித்தால் நா வறண்டு, தலை சுற்றி, வெயிலில் சுருண்டு விழ நேரிடும் என்பது எல்லோரும் அறிந்தது. அளவுக்குமீறிக் குடித்தாலும் உயிருக்கு ஹானி என்பதோ பலர் அறியாதது. உழைப்பின்போது சிறுநீரகம் நீரை வழக்கம்போல் வெளியேற்றுவதில்லை. ஆகவே வியர்த்ததற்கு மேலாகக் குடித்த நீர் ரத்தத்திலேயே தங்கி, அதிலுள்ள சோடியம் என்னும் உப்புச்சத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. ஆரோக்கியமான ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரையில் இருக்கவேண்டும். அது தாழத் தாழ, நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை உப்பச் செய்கிறது. மூளையின் அணுக்கள் உப்பினால் மண்டையோட்டுக்குள் அவற்றுக்கு இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் நெடுநேர ஓட்டப் பந்தயங்களில் கலந்துகொண்டு இவ்வாறு நோயுற்ற நால்வரைப் பற்றி டிம் நோக்ஸ் முதலிய வைத்தியர்கள் 1985-ல் எழுதிய பிறகே உலகம் இதைக் கவனிக்கலாயிற்று. 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, அவர்களில் நூற்றுக்குப் பதின்மூவருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக ஓடியவர்களிடமும் அது முக்கியமாகக் காணப்பட்டது. மெதுவாகச் செல்பவருக்கு வியர்வை குறைவு. குடிப்பதற்கோ அவகாசம் அதிகம். பாதயாத்திரைக்காரர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர் என்பதை மறக்கலாகாது.

பழனி வழியில் கிராமத்துக்குக் கிராமம் தண்ணீர்ப் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். அந்தத் தர்மம் மிகப் பெரிது. அதைக் குறைத்துப் பேசுவது என் கருத்தன்று. ஆனால், அன்போடு நீட்டுவதை மறுக்கலாகாதே என்று பந்தலுக்குப் பந்தல் இரண்டு டம்ளர் வீதம் நாள் முழுதும் குடித்துக்கொண்டு போவது தவறு. தாகம் எடுத்தால் குடியுங்கள். இல்லாவிட்டால் கையைக் கூப்பிவிட்டு நகருங்கள். வெறும் தண்ணீரைவிட உப்பிட்ட மோரும் உப்பிட்ட கஞ்சியும் மேல் என்பது உண்மையே. ஆயினும் அவற்றிலுள்ள உப்பு ரத்தத்திலுள்ளதைவிடக் குறைவாகையால், உப்பு இருக்கிறதே என்று அவற்றையும் வரம்பில்லாமல் குடிப்பது பாதுகாப்பாகாது. ரத்தக் கொதிப்போ, இருதய நோயோ, சிறுநீரக நோயோ உள்ளவர்கள் தாமாகவே உப்பைக் கூட்டிக்கொள்ளாமல், யாத்திரைக்கு முன்னரே தம் வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும். குடித்த அளவு சரிதானா என்பதை அறிய எளிய சோதனை எடை பார்ப்பது. காலையில் புறப்படும்போது இருந்ததைவிட மாலையில் தங்கும் இடத்தை அடைந்தபோது எடை சற்றுக் குறைந்திருந்தால் கவலை இல்லை. கூடியிருந்தால் வேண்டியதற்கு அதிகமாகக் குடித்திருக்கிறோம் என்று தெளியலாம்.

கைவீக்கத்தோடு இதற்கு என்ன சம்பந்தம் என்றால், விரல்கள் தடித்துப்போவது இந்த நிலைமையிலும் தோன்றும் குறிகளில் ஒன்று. தனியாக அது மட்டும் இருந்தால் அச்சம் வேண்டாம். நெடுந்தூரம் நடந்தவர் ஒருவர் விரலும் முகமும் உப்பி, ஓயாத தலைவலியும் வாந்தியும் உடையவராய், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் விடை சொல்லத் தொடங்கினால், அவரை வெயிலில் மயங்கியவர் என்று எண்ணி மேலும் தண்ணீரைப் புகட்டவே கூடாது. 108-க்குச் சொல்லி ஆம்புலன்ஸை வரவழைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அவர் எவ்வளவு நேரம் நடந்தார், ஏறக்குறைய எவ்வளவு குடித்தார் என்ற விவரங்களை உடன் செல்பவர் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை என்ன என்பதையே இந்த விவரம் மாற்றிவிடும்.

இனி, சாதாரண நடைவீக்கத்தின் இலக்கணத்துக்கு அடங்காதவை. ஒரு கை மாத்திரம் வீங்குமானால் அதை ஒருபோதும் சாதாரணமாகக் கருதாதீர்கள். பளு தூக்குபவர், மல்யுத்தம் பழகுபவர், பந்து வீசுபவர், நீச்சல்காரர் முதலியோரில், கழுத்துப்பட்டை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே சிரை நசுங்கி நசுங்கி, அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது உண்டு. கடும் பயிற்சிக்குப் பின் ஓரிரு நாட்களில் ஒரு கை முழுதும் வீங்கிக் கனத்து, நீலமாகி, தோளிலும் மார்பின் மேற்புறத்திலும் சிரைகள் கொடிபோல் படர்ந்து தெரியும். நல்ல திடகாத்திரமான வாலிபர்களுக்கே இது வருவதால், தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு காலம் கடத்திவிடுகிறார்கள்; உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடக்கூடுமாகையால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டியாகவேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்ட பெண்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்குவது வேறு வகை. அவர்கள் பயிற்சியை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அழுத்தவுறை அணிவது பற்றியும் பயிற்சியை எப்படிப் படிப்படியாக உயர்த்துவது என்பது பற்றியும் தங்களுக்குச் சிகிச்சை செய்தவரிடம் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

நடக்காத நாளிலும் கை வீங்குமானால், அதிலும் காலையில் எழுந்திருக்கும்போதே முகமும் இமையும் கையும் உப்பியிருக்குமானால், அல்லது மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தியபின் குழி மறையாமல் இருக்குமானால், சிறுநீரையும் ரத்தத்தையும் பரிசோதித்து, இருதயம், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நிலையை அறிந்துகொள்வது அவசியம். விரல் மூட்டுகள் வீங்கி, விடியலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் விறைத்திருந்தால் அது வாதநோயின் தொடக்கமாக இருக்கலாம். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மதமதத்துத் தூக்கத்தைக் கலைக்குமானால், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நடையின் நடுவே வீக்கத்தோடு உடலெங்கும் தடிப்புத் தடிப்பாக அரிப்பெடுத்து, உதடு உப்பி, மூச்சு இழுக்கத் தொடங்கினால் அது ஒவ்வாமை. அப்போதே நடையை நிறுத்தி 108-ஐ அழைக்க வேண்டும். கோதுமை, இறால் போன்ற ஒவ்வாத ஆகாரத்தை உண்ட சில மணி நேரத்துக்குள் உடற்பயிற்சி செய்தால் மாத்திரம் இப்படி ஆகிறவர்களும் இருக்கிறார்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கர்ப்ப காலத்தில் காலும் கையும் ஓரளவு வீங்குவது இயல்பாகையால், வீட்டிலுள்ள பெரியவர்கள் "பிள்ளைத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் கூறிவிடுவார்கள். இருபதாவது வாரத்துக்குப் பிறகு கையும் முகமும் திடீரென்று வீங்கி, அதனுடன் தலைவலியோ, கண்ணில் மங்கலோ பூச்சி பறப்பது போன்ற தோற்றமோ, மேல்வயிற்றில் வலியோ சேர்ந்தால், அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்ளாமல், மறுநாளுக்கு ஒத்திப்போடாமல், ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

வைத்தியரிடம் போகிறவர்கள் வெறுங்கையோடு போகாமல் சில குறிப்புகளை எழுதிக்கொண்டு செல்வது பயன்தரும். வீக்கம் ஒரு கையிலா இரு கைகளிலுமா, நடை தொடங்கி எவ்வளவு நேரத்தில் வருகிறது, நின்றபின் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, கால்களிலும் உண்டா, வழக்கத்தைவிட எடை ஏறியிருக்கிறதா என்னும் இவ்வளவையும் ஒரு வார காலம் கவனித்துக் குறித்தால் போதும். வீக்கம் உச்சத்தில் இருக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் வைத்தியர் அறையை அடைவதற்குள் விரல்கள் பழையபடி ஆகிவிடும். ரத்தக் கொதிப்புக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் சில தாமே நீர் கோக்கச் செய்யும் இயல்புடையவையாகையால், உண்டுவரும் மாத்திரைகளின் அட்டைகளையும் உடன் எடுத்துச் செல்லவேண்டும். அவற்றில் எதையும் அவரைக் கேட்காமல் நிறுத்திவிடக் கூடாது.